பூக்கும் முன்னே பிடுங்குங்கள்! கரும்பை உறிஞ்சும் சுடுமல்லி

"மூன்று மாதக் கரும்பு. தண்ணீர் குறைவில்லாமல் பாய்ச்சுகிறேன். யூரியாவும் போட்டாயிற்று. ஆனாலும் வயலின் மேற்கு மூலையில் மட்டும் தோகை வெளுத்து, நுனி கருகி, வறட்சியில் அடிபட்ட பயிர்போல நிற்கிறது. தூரைச் சுற்றி வெள்ளைப் பூவோடு ஒரு சின்னச் செடி முளைத்திருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?"

இப்படி ஒரு கேள்வி, வார்த்தைகள் கொஞ்சம் மாறினாலும், ஆண்டுதோறும் என்னிடம் வந்துவிடுகிறது. கரும்பு போடுகிறவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மானாவாரியில் சோளம், மக்காச்சோளம் விதைக்கிறவர்களும் கேட்பதுண்டு. பதில் ஒன்றுதான். சம்பந்தம் உண்டு. அந்தச் சின்னச் செடிதான் பயிர் வெளுக்கக் காரணம். அதன் பெயர் சுடுமல்லி. தாவரவியலில் ஸ்ட்ரைகா என்பார்கள்.

ஒரு சாண் உயரம்தான் இருக்கும். மெல்லிய தண்டு, தடவினால் சொரசொரக்கும் குறுகிய இலை, சிறிய வெள்ளைப் பூ. பார்ப்பதற்குப் பாவப்பட்ட செடி. இலையில் பச்சையம் இருப்பதால் ஏதோ சாதாரணக் களை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மண்ணை நனைத்து, மண்வெட்டியால் தூரோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். அதன் வேர் கரும்பின் வேரோடு சிறு முடிச்சுபோல ஒட்டியிருக்கும். கரும்பு மண்ணிலிருந்து எடுக்கும் தண்ணீரும் சத்தும் அந்த முடிச்சு வழியாகத்தான் திருட்டுப் போகின்றன. காய்ந்தால் செடி கருத்துவிடும். இதுவும் ஓர் அடையாளம்.

இது தெரியாததால் வீணாகும் பணம் கொஞ்சமல்ல. தோகை வெளுத்ததும் இரும்புச்சத்துக் குறைபாடு என்று அன்னபேதி உப்பு தெளிக்கிறார்கள். வேர்ப்புழுவாக இருக்கும் என்று குருணை மருந்து போடுகிறார்கள். தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு தண்ணீர் விடுகிறார்கள். கடைக்காரர் கொடுக்கும் 'டானிக்' வேறு. எல்லாம் செய்தும் பயிர் தேறவில்லை என்றபிறகுதான் குனிந்து தூரைப் பார்க்கிறோம். அதற்குள் சுடுமல்லி பூத்துக் காய்த்திருக்கும்.

மண்ணுக்குள் நடக்கும் கதை

சுடுமல்லியின் விதை பொடிபோல இருக்கும். நீளம் 0.3 மில்லிமீட்டர்கூட இராது. முளைத்ததும் தனியாகப் பிழைக்க அதற்குள் உணவு கிடையாது. அதனால் அது சும்மா முளைப்பதில்லை. ஈரமும் சூடும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு வாரம் ஊறி, தயாராகிக் காத்திருக்கும். பக்கத்தில் வேர் ஒன்று வந்து, அந்த வேர் கசியும் ஒரு வகை ரசாயனம் பட்டால்தான் முளைக்கும். முளைத்த சில நாட்களுக்குள் வேரைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும்.

அந்த ரசாயனத்தை 1966-ல் கண்டுபிடித்தார்கள். பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. சுடுமல்லி பருத்தியைத் தாக்குவதே இல்லை. தாக்காத பயிரின் வேரும் அதை முளைக்க வைக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இது நமக்குப் பெரிய ஆயுதம், பின்னால் சொல்கிறேன். ஸ்ட்ரிகோலாக்டோன் என்று பெயர் வைத்த இந்தப் பொருள்களைப் பயிர் எதற்காகக் கசிகிறது என்பது 2005 வரை புரியவில்லை. தன் எதிரியைத் தானே எழுப்பிவிட எந்தப் பயிருக்கு ஆசை? ஜப்பானிய விஞ்ஞானிகள்தான் விடை சொன்னார்கள். மணிச்சத்து எடுத்துத் தரும் வேர் உட்பூசணத்தைப் பயிர் கூப்பிடுகிறது. அந்த அழைப்பை நடுவில் ஒட்டுக்கேட்டுத்தான் சுடுமல்லி எழுந்துகொள்கிறது.

இங்கேதான் நம் மாவட்டத்து மண்ணுக்கு வருகிறேன். மணிச்சத்தும் தழைச்சத்தும் குறைந்த மண்ணில் பயிர் இன்னும் உரக்கக் கூப்பிடும், அதாவது அதிகமாகக் கசியும். புதுக்கோட்டையின் செம்மண்ணும் சரளை மண்ணும் சத்தைப் பிடித்துவைக்காத இளகிய மண். கண்மாயில் தண்ணீர் இல்லாத ஆண்டில் பயிர் வாடலிலேயே நிற்கும். சுடுமல்லிக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். வளம் குறைந்த, மானாவாரி நிலத்துக் களை என்று உலகம் முழுக்க இதற்குப் பெயர். தொழுவுரம் போட்டு, மண் சோதனைப்படி அடியுரமாக மணிச்சத்தும், மேலுரமாகத் தழைச்சத்தும் தவறாமல் கொடுத்த வயலில் இதன் கொட்டம் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கரணை நடும்போது வேர் உட்பூசணம் இடுவதும் உதவும். அது மட்டுமே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேரைப் பிடித்தபிறகு சுடுமல்லி உடனே வெளியே வருவதில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக மண்ணுக்குள்ளேயே வளரும். அந்தச் சமயத்தில் அதற்குச் சொந்தமாகச் சமைக்கப் பச்சை இலை கிடையாது. முழுச் சாப்பாடும் கரும்பிடமிருந்துதான். அதனால் செடி நம் கண்ணுக்குப் படும் நாளில் பயிருக்கு நடக்க வேண்டிய சேதத்தில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும்.

ஒரு செடி, ஒரு ஏக்கர்

அப்படியானால் சேதம் நடந்தபிறகு எதற்குப் பிடுங்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு விவசாயி என்னிடம் அப்படித்தான் கேட்டார். "வெட்டு இன்னும் ஆறு மாசம் இருக்கு சார், ஆளுக்கு வேற சம்பளம், இனிமே புடுங்கி என்ன ஆகப்போகுது?" நியாயமான கேள்விதான். ஒரு கணக்கைப் பாருங்கள்.

நன்றாக வளர்ந்த ஒரு சுடுமல்லி 50,000 விதை வரை கொட்டும். அதற்கு மேலும் கொட்டுவதுண்டு. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரே ஒரு செடியின் விதையைச் சமமாக இறைத்தால் ஏக்கர் முழுவதும் சதுர அடிக்கு ஒன்றுக்கு மேல் விழும். அந்த விதை பத்து ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். வேர் வந்து எழுப்பும்வரை தூங்கும். தலைகாட்டிய ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூ, அடுத்த ஒரு மாதத்துக்குள் விதை. நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

ஆகவே சுடுமல்லியைப் பிடுங்குவதும் மருந்தடிப்பதும் இந்தப் போகத்தைக் காப்பாற்றும் வேலை அல்ல. அடுத்த மறுதாம்பையும் அதற்கு அடுத்ததையும் காப்பாற்றும் வேலை. இதை மனதில் வைக்காவிட்டால் ஆள் கூலி வீண் செலவாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1956-ல் கரோலினா மாநிலங்களில் மக்காச்சோள வயல்களில் இது இருப்பது தெரியவந்தது. அங்கே யாருக்கும் என்னவென்று புரியவில்லை, அங்கு படிக்க வந்திருந்த இந்திய மாணவர் ஒருவர்தான் அடையாளம் கண்டு சொன்னார் என்பார்கள். அடுத்த ஆண்டே அரசு வேலையில் இறங்கிவிட்டது. பாதித்த வயலில் இருந்து மண்ணோ இயந்திரமோ சுத்தம் செய்யாமல் வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. ஆண்டுதோறும் வயல் வயலாகத் தேடிப்பார்த்து, பூப்பதற்கு முன் அழித்தார்கள். மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி, பயிர் இல்லாத நேரத்தில் விதையை ஏமாற்றி முளைக்கவைத்துச் சாகடித்தார்கள். வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே வாயுதான். மொத்தம் 4,30,000 ஏக்கர் வரை பரவியிருந்த களை இன்று சில ஆயிரம் ஏக்கராகச் சுருங்கிவிட்டது. ஆனால் இவ்வளவு பணமும் இயந்திரமும் இருந்தும் 60 ஆண்டுக்கு மேல் ஆகியும் வேலை முடிந்தபாடில்லை. விதை விழுந்தபின் துரத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

கரும்பில் என்ன செய்யலாம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கரும்புச் சுடுமல்லிக்கு ஒரு வரிசை முறையைப் பரிந்துரைக்கிறது. அதில் எந்தப் படியை விட்டாலும் பலன் குறையும். நட்ட 3-ம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது அட்ரசின் 50 சதத் தூள் ஏக்கருக்கு 800 கிராம் தெளிக்க வேண்டும். 45-ம் நாள் கைக்களை. 60-ம் நாள் மண் அணைப்பு. 90-ம் நாள், அதாவது சுடுமல்லி தலைகாட்டும் நேரத்தில், 2,4-டி சோடியம் உப்பு லிட்டருக்கு 5 கிராமும் யூரியா 20 கிராமும் கலந்து சுடுமல்லியின் மேல் படும்படி தெளிக்க வேண்டும். 10 லிட்டர் டேங்க் என்றால் 50 கிராமும் 200 கிராமும். 120-ம் நாள் ஏக்கருக்கு 2 டன் சோகையைப் பாருக்கு இடையில் பரப்பி மூடாக்கு.

தை நடவுக்கு 90-ம் நாள் சித்திரையில் வரும். அந்த வெயிலில் யாரும் கரும்புக்குள் நுழைய விரும்பமாட்டோம் என்பது எனக்கும் தெரியும். காலை 7 மணிக்குள் போய் வாருங்கள். வயல் முழுக்க அலைய வேண்டியதில்லை. எங்கே தோகை வெளுத்திருக்கிறதோ அந்தத் திட்டைச் சுற்றிப் பாருங்கள். போன ஆண்டு எங்கே இருந்ததோ அங்கேதான் இந்த ஆண்டும் முதலில் வரும். திட்டுக்கு நான்கு பக்கமும் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு தேடும் வேலை மிச்சம். ஒரு தடவை பிடுங்கினால் போதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

அட்ரசின் அடித்த வயலில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராகப் போட்டால் முளைப்பு கெடும். ஊடுபயிர் போடுவதாக இருந்தால் அட்ரசினை விட்டுவிட்டுக் கைக்களையை நம்புங்கள். 2,4-டி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. காற்றில் மிதந்து போனால் பக்கத்து வயல் பருத்தி, வெண்டை, தக்காளி, பயறு எல்லாம் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். பக்கத்து வயலில் பருத்தியோ வெண்டையோ இருந்தால் 2,4-டி அடிக்கவே கூடாது. மற்ற இடத்தில் காற்று இல்லாத காலை நேரத்தில், நாசிலுக்குக் கூம்பு மாட்டி, தாழப் பிடித்து அடியுங்கள். அதே தெளிப்பானை நன்றாகக் கழுவாமல் காய்கறிக்கு எடுத்துப்போய், வரப்புத் தகராறு பஞ்சாயத்து வரை வந்த ஊர்கள் உண்டு. முடிந்தால் களைக்கொல்லிக்கு என்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுதாம்பை நிறுத்த மனம் வருமா?

கசப்பான விஷயம் இது. கரும்பு ஒருமுறை நட்டால் மூன்று நான்கு ஆண்டு அதே மண்ணில் நிற்கிறது. கரணைச் செலவு இல்லை, உழவுச் செலவு இல்லை என்பதால் மறுதாம்பில்தான் கையில் நாலு காசு நிற்கும். சுடுமல்லிக்கும் அதுவேதான் வசதி. ஆண்டு முழுக்க வேர், ஆண்டு முழுக்கச் சாப்பாடு. முதல் ஆண்டு ஒரு மூலையில் இருந்தது மூன்றாம் மறுதாம்பில் பாதி வயலுக்கு வந்துவிடும். திட்டு சிறிதாக இருந்தால் பிடுங்கிச் சமாளிக்கலாம். கால் பங்கு வயலுக்கு மேல் போய்விட்டது என்றால், என் யோசனை, முதல் மறுதாம்போடு கட்டையைப் பெயர்த்துவிடுங்கள். ஆலையில் பதிவு இருக்கிறதே என்பீர்கள். கரும்பு அலுவலரிடம் வயலைக் காட்டி, அந்தப் பதிவை வேறு வயலுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

பெயர்த்த நிலத்தில் என்ன போடுவது? முன்பு சொன்ன பருத்தி விஷயம் இங்கேதான் வருகிறது. நிலக்கடலை, தட்டைப்பயறு, சோயா, சூரியகாந்தி, பருத்தி ஆகியவற்றின் வேரும் சுடுமல்லி விதையை எழுப்பும். எழுந்த விதை இந்த வேரைப் பிடித்துப் பிழைக்க முடியாமல் சாகும். பொறிப்பயிர் என்று சொல்கிறோம். ஆலங்குடி, கறம்பக்குடி பக்கத்து மக்களுக்கு நிலக்கடலையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இடைவெளி அதிகம் விடாமல் நெருக்கமாக விதைப்பது மட்டும் முக்கியம். வேர் எட்டாத இடத்தில் விதை தூங்கிக்கொண்டேதான் இருக்கும். கல்லணைக் கால்வாய்ப் பாசனம் உள்ள இடத்தில் நடவு நெல் போடலாம். தண்ணீர் தேங்கும் வயலில் சுடுமல்லி தலைதூக்காது. ஆனால் புழுதி விதைப்பு நெல்லை அது தாக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம்.

இன்னொரு முறை, தீவனச் சோளத்தை அடர்த்தியாக விதைத்து, சுடுமல்லி ஒட்டிக்கொண்டபின் அது பூப்பதற்கு முன், 40, 45 நாளில் எல்லாவற்றையும் மடக்கி உழுவது. எழுந்த விதை அத்தனையும் உழவில் போய்விடும். அந்த இளஞ்சோளத்தை மாட்டுக்கு மட்டும் அறுத்துப் போட்டுவிடாதீர்கள். பூக்காத சோளத்தில் நச்சு இருக்கும், மாடு சாகும்.

சோளம், மக்காச்சோளத்தையே தொடர்ந்து போடுகிறவர்களுக்கும் இதே பொறிப்பயிர் சுழற்சிதான் மருந்து. ஆப்பிரிக்காவில் நம்மைவிட மோசமான நிலைமை. அங்கே வேறொரு பெரிய வகைச் சுடுமல்லி. அதைத் தாங்கும் சோள ரகங்களை உருவாக்கிய எத்தியோப்பிய விஞ்ஞானி கெபிசா எஜெடாவுக்கு 2009-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கென்யாவில் மக்காச்சோளத்துக்கு நடுவில் டெஸ்மோடியம் என்ற தீவனப் பயறைப் போட்டு வெற்றி கண்டிருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டு, வேலிமசால் போட்டால் சுடுமல்லி போகுமா என்று கேட்கிறார்கள். வேலிமசால் என்பது டெஸ்மாந்தஸ். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் வேறு செடி. அது நல்ல தீவனம், அவ்வளவுதான்.

எப்படி வருகிறது?

காற்றில் பறந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து பார்த்ததில் காற்றைவிட விதைத் தானியமும் கால்நடையும்தான் அதிகம் பரப்புவதாகத் தெரிந்தது. சுடுமல்லி இருந்த காட்டில் அறுத்த சோளத்தை அடுத்த ஆண்டு விதைக்கு வைப்பது, அந்தத் தட்டையை வாங்கி மாட்டுக்குப் போட்டு அந்தச் சாணத்தை மக்கவைக்காமல் வயலில் கொட்டுவது, இரண்டும் வேண்டாம். கிடை போடுகிறவர்களிடம் ஆடு நேற்று எங்கே மேய்ந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை ரொட்டாவேட்டர் வந்தால் கத்தியில் ஒட்டிய மண்ணைத் தட்டி, வரப்புக்கு வெளியிலேயே கழுவச் சொல்லுங்கள். வாய்க்காலுக்கு மேல்மடையில் உங்கள் வயல் இருந்தால், நீங்கள் விடும் விதை கடைமடைக்காரர் வயலுக்கும் போகும்.

உளுந்தில் அம்மையார் கூந்தல்

சுடுமல்லி வேரில் திருடுகிறது என்றால் அம்மையார் கூந்தல் தண்டில் திருடுகிறது. கஸ்குட்டா என்று படித்திருப்பீர்கள். இலையும் இல்லை, முளைத்துக் கொடி பிடித்தபின் வேரும் இல்லை. மஞ்சள் நூல்கண்டை அவிழ்த்து வயல்மேல் போட்டதுபோல இருக்கும். உளுந்து, பச்சைப்பயறு, வெங்காயம், குதிரைமசால் எல்லாவற்றிலும் வரும். நெல் தரிசு உளுந்தில் ஆந்திராவின் கிருஷ்ணா, குண்டூர் பக்கம் பெரும் தொல்லை. அங்கிருந்து வரும் மலிவு விதையை வாங்கும்போது யோசித்து வாங்குங்கள். கஸ்குட்டா விதை கலந்த உளுந்தைச் சல்லடையில் சலித்துப் பிரிக்கலாம், ஆனால் முழுதாகப் போகாது. நம் ஊரிலேயே வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 ரகங்களில் சான்று விதை கிடைக்கும்போது சந்தை விதைக்கு ஏன் போக வேண்டும்?

இறவை உளுந்தில் விதைத்த 3 நாளுக்குள் பெண்டிமெத்தலின் 30 சத மருந்து ஏக்கருக்கு 1.3 லிட்டர் தெளித்தால் கஸ்குட்டாவின் முளைப்பு நன்றாகக் குறையும். அதையும் மீறி வந்த இடத்தில் கொடியை மட்டும் உருவி எடுக்காதீர்கள். அறுந்த துண்டு மறுபடி சுற்றிக்கொள்ளும். உளுந்துச் செடியோடு சேர்த்து, திட்டைச் சுற்றி ஓரடி கூடுதலாகப் பிடுங்கி, அங்கேயே கொளுத்துங்கள். நாலு செடி போனால் போகட்டும்.

கத்தரி, தக்காளியில் வரும் புகையிலைக் காளான், மாவிலும் பலாவிலும் வரும் புல்லுருவி ஆகியவற்றுக்கும் அடிப்படை இதேதான், பூத்துக் காய்க்க விடக்கூடாது. புல்லுருவியை அது மட்டும் போகும்படி ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு அறுத்து, வெட்டுக்காயத்தில் போர்டோ பசை பூசுங்கள்.

நீங்கள் கேட்டவை

*உப்புக் கரைசல் தெளித்தால் சுடுமல்லி கருகிவிடும் என்கிறார்களே?*

கருகும். உப்பு மண்ணிலும் தங்கும். அதற்குப் பதில் 20 சத யூரியா கரைசலை, அதாவது 10 லிட்டருக்கு 2 கிலோ, சுடுமல்லியின் மேல் மட்டும் படும்படி தெளிக்கலாம். பக்கத்தில் பருத்தியோ வெண்டையோ இருந்து 2,4-டி அடிக்க முடியாத வயலுக்கு இதுதான் வழி. கரும்புத் தோகையில் பட்டால் அதுவும் கருகும் என்பதால் குனிந்துதான் அடிக்க வேண்டும்.

*பிடுங்கிய செடியைக் கம்போஸ்ட் குழியில் போடலாமா?*

பூக்காத செடியைப் போடலாம். பூ வந்துவிட்டால் பிடுங்கியபிறகும் காய் முற்றி வெடிக்கும். சாக்கில் கட்டி எடுத்துவந்து எரித்துவிடுங்கள். வரப்பில் குவித்து வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

*எத்தனை ஆண்டு கழித்து மறுபடி கரும்பு நடலாம்?*

ஆண்டுக்கணக்குச் சொல்வதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது. இரண்டு போகமாவது பொறிப்பயிர் எடுத்தபின், முன்பு சுடுமல்லி இருந்த திட்டுகளில் மூன்று இடம் பார்த்து, இடத்துக்கு அரை சென்ட் சோளம் நெருக்கமாக விதைத்துத் தண்ணீர் விடுங்கள். 40-ம் நாள் ஒவ்வொரு இடத்திலும் பத்துச் செடியைத் தோண்டி வேரை அலசிப் பாருங்கள். மீதியை 60-ம் நாள் வரை விட்டுவைத்து, செடி வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் பூப்பதற்குள் மடக்கி உழுதுவிட்டு, இன்னும் ஒரு போகம் கடலை போடுங்கள். வராவிட்டால் அந்தத் தையில் கரணை நடலாம். நட்டபின்பும் 90-ம் நாள் வயலுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.